பாண்டியன் லாயத்தில் குதிரைகள் ஏன் செத்தன?

குதிரையேற்ற வகுப்பு என்று தேடினால் இப்போது சென்னை, கோவை, பெங்களூரு எல்லா ஊரிலும் வரிசையாக இடங்கள் வந்து விழுகின்றன. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், மகளை எங்கே சேர்ப்பது என்று ஒரு மாதமாக எக்செல் ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். மாதக் கட்டணம், வீட்டிலிருந்து தூரம், கார் நிறுத்த வசதி, கூகுள் ஸ்டார் என்று ஏகப்பட்ட பத்தி. அங்கே இருக்கிற குதிரை என்ன சாப்பிடுகிறது என்பதற்கு மட்டும் பத்தி இல்லை. "நீங்கதான் வரலாறு படிக்கிற ஆளாச்சே, நல்ல லாயம்னா எப்படி இருக்கணும்னு சொல்லுங்க" என்றார். இப்படிக் கேட்டால் நான் 1290-களில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் லாயம் எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு உலகத்திலேயே விலை உயர்ந்த உதாரணம் நம்ம மதுரைப் பக்கம்தான் இருக்கிறது.

அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். 1268-ல் பட்டத்துக்கு வந்தவர், நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் ஆண்டவர். 1290-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து கடல் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டுவிட்டுப் போகிறார். அரபிகள் இந்தக் கரையை மாபார் என்பார்கள், போலோவும் அதே பெயரைத்தான் சொல்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் எல்லாம் குதிரையோடு வந்து நிற்கிற இடம் அது.

கடல் வழியே குதிரை வருவது அப்போது புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் குதிரை வந்து இறங்குவது பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டி என்றே வணிகர் பெயர் வரும். பாண்டியர் காலத்தில் புதிது என்னவென்றால் எண்ணிக்கை. அரசர் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய நாலு சகோதரர்களும் ஆளுக்கு அதே அளவு வாங்குகிறார்கள் என்கிறார் போலோ. அஞ்சு பேர், ஆளுக்கு ரெண்டாயிரம். பத்தாயிரம்.

போலோ கொஞ்சம் வாய்ச்சவடால் ஆள் என்று ஒரு பெயர் உண்டு. அதனால் இன்னொரு சாட்சியைக் கூப்பிடுவோம். பாரசீகத்தில் வஸ்ஸாஃப் என்று ஒரு வரலாற்றாசிரியர், மங்கோலிய இல்கான்களின் அரசில் வேலை பார்த்தவர், 1300-ஐ ஒட்டி எழுதத் தொடங்கியவர். போலோவைப் படித்திருக்க வாய்ப்பே இல்லாதவர். அவர் குதிரையை ஏற்றி அனுப்புகிற பக்கத்திலிருந்து கணக்கு சொல்கிறார். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுதீன் தன் சொந்தக் குதிரைகளாக வருஷம் 1400 அனுப்ப ஒப்பந்தம். பாரசீக வளைகுடாவின் மற்றத் துறைமுகங்களில் இருந்து வருவதையும் சேர்த்து மொத்தம் 10,000. ஆக, வாங்குகிற பக்கம் நின்றவரும் விற்கிற பக்கம் நின்றவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே எண்ணுக்கு வந்து சேர்கிறார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும் என்றில்லை, ஒரு பூஜ்யத்தை அடித்துவிட்டாலும் ஆயிரம் குதிரை நிற்கிறது.

விலை? வஸ்ஸாஃப் கணக்கில் ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். பழைய தினார் எடை நாலேகால் கிராம் என்று வைத்தால் 935 கிராம் தங்கம், கிட்டத்தட்ட 117 பவுன். போலோ சொல்கிற விலை இதைவிடவும் அதிகம். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசு கஜானாவிலிருந்து முழு விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. (இருநூறு வருஷம் கழித்து விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் நூனிஸும் இதே மாதிரி ஒன்றைச் சொல்கிறார். சாளுவ நரசிம்மர் செத்த குதிரைக்கும் காசு கொடுத்தாராம், சாட்சிக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். அந்த வால்களை எண்ணி வாங்கிய குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கிறேன்.)

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி. வருஷக் கடைசியில் அரசரிடம் நூறு குதிரை கூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ.

காரணங்களாக அவர் சொல்வது: சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள். குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் அடிக்கிறவன் இல்லை. வெளிநாட்டு வியாபாரிகள் தங்களோடு லாடக்காரர்களைக் கூட்டி வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம் நடக்கும்! உயர்ந்த ஜாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதுகிறார்.

வஸ்ஸாஃப் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்த மாதிரி சொல்கிறார். குதிரைக்குப் பச்சை பார்லி கிடையாது, வறுத்த பார்லி. நெய் சேர்த்த தானியம். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். வந்து இறங்கின குதிரையை முளையடித்துக் கயிற்றால் கட்டி நாற்பது நாள் லாயத்திலேயே நிறுத்திவைத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அப்புறம் எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடி முதலான சவாரிச் சாமான் கூட இல்லாமல், ஏறி அடித்து ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரை எல்லாம் மந்தமாகி எதற்கும் ஆகாமல் போகிறது.

இதைப் படித்தவுடன் "நம்ம ஆட்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை" என்று முடித்துவிடுவது சுலபம். பல புத்தகங்கள் அப்படித்தான் முடித்திருக்கின்றன. எனக்கு அது ஒட்டவில்லை. நெய்யும் பாலும் இறைச்சியும் போடுகிறவன் குதிரையை அலட்சியம் செய்கிறவன் அல்ல. வீட்டுப்பிள்ளைக்கு மேல் கவனிக்கிறவன். தப்பு அன்பில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கு என்று ஓர் அத்தியாயமே உண்டு. அதில் உயர்ந்த குதிரைக்கான தினப்படி: அரைவேக்காட்டிலோ உலர்ந்தோ தானியம் அல்லது பயறு, எண்ணெய், உப்பு, 50 பலம் இறைச்சி, நனைத்துப் பிசைய இறைச்சி ரசம் அல்லது தயிர், கூடவே பாலோ மதுவோ. போலோ கண்டு முகம் சுளித்த சாப்பாடு அப்படியே சாஸ்திரத்தில் இருக்கிறது. மதுரை லாயக்காரர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் சமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் இதற்கு ஒரு நீண்ட மரபு இருந்தது, அது அறியாமையில் நடந்த கிறுக்குத்தனம் அல்ல என்பது தெளிவு.

அதே அத்தியாயத்தில் லாயம் கட்டுகிற விதி எல்லாம் அசத்தலாக இருக்கிறது. லாயத்தின் அகலம் குதிரை நீளத்தைப் போல இரண்டு மடங்கு, நாலு பக்கமும் வாசல், நடுவில் குதிரை படுத்துப் புரள வெற்றிடம். ஒவ்வொரு குதிரைக்கும் வழுவழுப்பான பலகைத் தளம், தீவனத் தொட்டி, மூத்திரமும் சாணமும் வெளியேற வழி. ஆண், பெண், குட்டி எல்லாம் தனித்தனி. மருத்துவன் தப்பு வைத்தியம் செய்து நோய் முற்றினால் செலவைப் போல இரண்டு மடங்கு அபராதம். புரள இடம் என்கிற அந்த ஒரு வரியை இன்றைக்கு நகரத்தில் லாயம் நடத்துகிற பல பேருக்குப் படித்துக்காட்டலாம்.

சரி, பிறகு தப்பு எங்கே? என் கணிப்பு இது. நம்மூர் மாட்டு ஊர். எங்கள் ஓடைப்பட்டியில் தெருவுக்கு நாலு பேர் மாட்டைப் பார்த்தே வயது, சுழி, குணம் சொல்லிவிடுவார்கள். மேகமலை அடிவாரத்தில் மலைமாட்டு மந்தையை நூற்றுக்கணக்கில் மேய்த்துப் பட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஞானம் முழுக்க அசைபோடுகிற பிராணியைப் பற்றிய ஞானம். மாட்டுக்கு நாலு அறை வயிறு. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தொட்டி நிறையக் கூளமும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வைத்துவிட்டுக் கட்டுத்தறியில் கட்டிப்போட்டால் அது பாட்டுக்குப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஊறவைத்தது, அரைத்தது, காய்ச்சியது எல்லாம் அதற்கு ஒத்துப்போகும். லாடம் கூட நமக்குத் தெரியாத வித்தை இல்லை. வண்டி மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு குளம்புக்கு இரண்டு துண்டாக லாடம் அடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

குதிரை வேறு ஜாதி எந்திரம். அதற்கு ஒரே வயிறு, உடம்புக்குச் சின்ன வயிறு. ஒருநாளில் பதினாறு மணி நேரமாவது கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை மென்றுகொண்டே நடக்கிறதற்காகச் செய்யப்பட்டது. நார்ச்சத்தைச் செரிக்கும் வேலை குடலின் பின்பகுதியில் நடக்கிறது. அங்கே அளவுக்கு மீறி மாவுச்சத்து போய்ச் சேர்ந்தால் புளித்து அமிலமாகிவிடும். வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலியில் சாவது இன்றைக்கும் குதிரைகளுக்குச் சகஜம். தப்பித்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்க முடியாமல் போகும். தவிடும் தானியமுமாகவே போட்டால் பாஸ்பரஸ் ஏறிக் கால்சியம் குறைந்து எலும்பு பலம் போய்விடும். கால் கோணிய குட்டி என்று போலோ சொன்னதற்கு இது ஒரு நல்ல விளக்கம். நாற்பது நாள் கட்டிவைத்துத் தீனி போட்டு, நாற்பத்தொன்றாம் நாள் ஓடவிட்டால் தொடைத் தசை கல்லாக இறுகிக்கொள்ளும். ஐரோப்பாவில் வண்டிக் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் முழுத் தீனியும் கொடுத்துத் திங்கள் காலையில் பூட்டினால் இதே நோய் வரும், திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம்ம பழமொழி. கொள்ளு கெட்டதில்லை. புல் இல்லாமல் கொள்ளு மட்டும் போட்டால்தான் கெடுதல்.

தீனியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1880-ல் கிரிஃபித் இவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், தேரா இஸ்மாயில் கானில் செத்துக்கொண்டிருந்த குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளிகிற ஒரு ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். சுர்ரா என்ற நோய். கடிக்கிற ஈக்களால் பரவும், வைத்தியம் இல்லாவிட்டால் குதிரை மெலிந்து மெலிந்து சாகும். மழைக்காலத்து ஈரமும் ஈயும் நிறைந்த ஊரில், அரேபியாவின் காய்ந்த காற்றில் வளர்ந்த குதிரையைக் கொண்டுவந்து கட்டினால் பாதிச் சாவு இப்படியும் நடந்திருக்கலாம். பாண்டியனிடம் மைக்ராஸ்கோப் இல்லை.

ஆனால் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமாகப் படுவது தீனியோ ஈயோ இல்லை. வஸ்ஸாஃப் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். குதிரை விற்கிற கிஷ் ஜமாலுதீனின் சகோதரர் தகியுதீன். இந்தத் தகியுதீன் பாண்டிய அரசரின் மந்திரி. காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில். வருகிற சரக்கில் அவருடைய ஆட்கள் எடுத்துக்கொண்ட மிச்சம்தான் மற்றவர்களுக்கு. அதாவது வாங்குகிறவருக்கு யோசனை சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே குடும்பம். வழியில் செத்தால் நஷ்டம் அரசருக்கு. வந்த பிறகு செத்தால் புது ஆர்டர். லாடக்காரன் வந்துவிட்டால் ஆர்டர் குறையும், அதனால் லாடக்காரன் வரமாட்டான். எங்கள் தொழிலில் சாஃப்ட்வேரை விற்றுவிட்டு அதைப் பழுதுபார்க்கிற விவரத்தை மட்டும் தராமல் வைத்துக்கொள்கிற கம்பெனிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு முழு ராஜ்யத்தை அப்படிச் சந்தாதாரர் ஆக்கினது காயல்பட்டினக் கரையில் நடந்திருக்கிறது. இதில் எந்த மதத்துக்கும் பங்கு இல்லை. ஏற்றுமதி இறக்குமதி நடக்கிற எல்லா ஊரிலும் இந்தக் கதை உண்டு.

மாணிக்கவாசகர் கதையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கஜானாப் பணத்தோடு குதிரை வாங்கப் போன அமைச்சர், குதிரைகளாக வந்த நரிகள், ராத்திரி அவை மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுவது. பக்தர்களுக்கு அதன் பொருள் வேறு, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் பொன்னைக் கொட்டி வாங்கியது விடிந்து பார்த்தால் லாயத்தில் இல்லை என்கிற திகில், குதிரை வாங்கிய ஒவ்வொரு பாண்டிய அரசனும் கணக்குப்பிள்ளையும் அனுபவித்ததாகத்தான் இருக்கும்.

1311-ல் மாலிக் காஃபூர் மதுரைக்கு வந்து போனபோது கொண்டுபோன குதிரைகள் 5000 என்கிறார் அமீர் குஸ்ரோ. பரணி 20,000 என்கிறார், ஆனால் அது தெற்குப் படையெடுப்பு மொத்தத்துக்குமான கணக்கு. எதுவாக இருந்தாலும் நூறுக்கு மேல். ஆகவே போலோவின் நூறு மிகை, குதிரைகள் பிழைக்கவும் செய்தன என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிழைக்க வைத்தவர்கள் யார்? ராவுத்தர் என்ற பெயருக்கே குதிரை வீரன் என்று பொருள். கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கம் இன்றைக்கும் ராவுத்தர் குடும்பங்கள் ஏராளம். குதிரை போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. மலைப்பக்கம் குதிரையும் இன்னும் மிச்சம் இருக்கிறது. கார் ரோடு வரும்வரை கொடைக்கானலுக்குப் போன வெள்ளைக்காரர்கள் அம்மையநாயக்கனூர் ரயில்நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வந்து, அங்கிருந்து மட்டக் குதிரையிலோ டோலியிலோதான் மலை ஏறினார்கள். பெரியகுளத்துக்கு மேலே வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்கு அரிசி, சிமெண்ட், தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் எல்லாம் குதிரை முதுகில் ஏறியதை நாமே பேப்பரில் படித்திருக்கிறோம்.

பிரிட்டிஷ்காரனும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். அவன் செய்த வித்தியாசமான வேலை, இடத்தையும் ஆளையும் முதலில் தேடியது. ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824-ல் ஓசூர் மத்திகிரியில் பண்ணை போட்டான். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி, இதமான குளிர், 1600 ஏக்கருக்கு மேல் புல்வெளி. சரியாக நூறு வருஷம் கழித்து 1924-ல் அது சிவில் கால்நடைத் துறைக்குக் கைமாறியது. அதற்கு முன்பே 1903-ல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியாகிவிட்டது.

இப்போது அந்த எக்செல் ஷீட்டுக்கு என்னென்ன பத்தி சேர்க்கச் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் குதிரையை மாதவாடகைக்கு விட்டுவைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மத்தியான வேளையில் போங்கள். காலைச் சவாரி நேரத்தில் எல்லா லாயமும் அழகாகத்தான் இருக்கும். மத்தியானம் குதிரைக்கு முன்னால் புல் கிடக்கிறதா? குதிரை எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் தினம் வேண்டும், 400 கிலோ குதிரைக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ. புல் எங்கிருந்து வருகிறது, மழைக்காலத்துக்கு எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே தானியத்தை வைத்துத்தான் வயிற்றை நிரப்புகிறார்கள். கட்டு அவிழ்த்துத் திரியவிடுகிற மைதானம் எங்கே? தினம் எத்தனை மணி நேரம்?

குதிரையின் முதுகைப் பாருங்கள். சேணம் உட்காருகிற இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை முடி இருந்தால் அது பிறவி அடையாளம் இல்லை, பெரும்பாலும் பழைய சேணப்புண் ஆறிய தழும்பு. ஒரு குதிரைக்கு இருந்தால் அது வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். நாலு குதிரைக்கு இருந்தால் அந்த லாயத்தின் பழக்கம் அது. ஒரு குதிரை ஒருநாளில் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். சுர்ரா, கிளாண்டர்ஸ் சோதனைச் சீட்டும் தடுப்பூசிப் பதிவும் காட்டச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் மனிதனுக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். லாயத்தில் எல்லாவற்றிலும் டெட்டனஸ் கிருமி உண்டு, ஆகவே உங்கள் பிள்ளையின் ஊசிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்கிற பிள்ளையை முதல் நாளே தனியாக ஓடவிடுகிற இடம் என்றால் திரும்பி வந்துவிடலாம். நீளக் கயிற்றில் குதிரையை வட்டமடிக்க வைத்து, கடிவாளம் பிள்ளை கையில் இல்லாமல், உட்காரக் கற்றுக்கொடுக்க வேண்டும். தலைக்கவசம் அளவாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவரே மூன்றாவது மாதத்தில் "உங்க பொண்ணுக்குன்னே ஒரு குதிரை இருக்கு சார், நானே பேசி முடிச்சுத் தர்றேன்" என்று ஆரம்பித்தால் தகியுதீனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்கிற மருத்துவர் நீங்கள் காசு கொடுத்துக் கூட்டி வந்தவராக இருக்கட்டும்.

கடைசியாக, லாடக்காரர். குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து செதுக்கி, வேண்டிய குதிரைக்கு லாடம் மாற்ற வேண்டும். நம்மூரில் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு, ரேஸ் நடக்கிற ஊர்களைச் சுற்றியே இருப்பார்கள், மற்ற இடங்களுக்குப் பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து போவார்கள். "லாடக்காரர் கடைசியா எப்ப வந்தார், அடுத்து எப்ப வர்றார்?" என்று கேட்டால் நல்ல லாயத்தில் தேதி சொல்வார்கள், பல இடத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு ஒரு பெரிய குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி எல்லாம் அங்கே வரும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்பார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இந்தப் பதிவு ஏற்கெனவே நீண்டுவிட்டது.